அசலும் மறுபதிப்பும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசுகிறார்கள், இசை பேசுகிறார்கள், தாயகத்தை விட்டு வெகுதொலைவு வந்துவிட்ட நம் பிள்ளைகள் தமிழை மறவாதிருக்கும் வழியைப் பேசுகிறார்கள். இவ்வாண்டு எங்களைப் பேசுமாறு பணித்தபோது, வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்றோம். செயலாளர் சிரித்துவிட்டு, "பிள்ளைகள் கெட்டுப் போவதைப் பற்றியா?" என்று கேட்டார். அதைப் பற்றியன்று. அரிதாகிப்போன ஒரு பொருளை மீண்டும் அச்சிட்டு விற்பது முறையா, அதனால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்பதைப் பற்றியே பேச விரும்புகிறோம். விளையாட்டுப் பொருளைக் கொண்டு பேசினாலும், இது விளையாட்டுப் பேச்சன்று.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இதற்குக் காரணம். எட்டாம் வகுப்பில் படிக்கும் எங்கள் பையன், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தாத்தாவும் பாட்டியும் கொடுத்த பணத்தைச் சேர்த்து வைத்திருந்தான். அதனோடு நாங்களும் சிறிது கூட்டி, 2,800 ரூபாய்க்கு இணையத்தின் வழியே ஒரு பழைய விளையாட்டுக் கேசட்டை வாங்கிக் கொடுத்தோம். 'போக்கிமான் எமரால்ட்' என்பது அதன் பெயர். ஜப்பானில் 2004-லும் அமெரிக்காவில் 2005-லும் வெளிவந்தது. நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் அட்வான்ஸ் என்னும் கைக்கருவியில் செருகி ஆட வேண்டும். அக்கருவி அவன் தாய்மாமன் கல்லூரி நாட்களில் வைத்திருந்தது.

கேசட் வந்தது, செருகினான், ஓடியது. வீடே மகிழ்ந்தது. நான்காம் நாள், மாடி வீட்டில் குடியிருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையான கேசட்டின் மேல்சீட்டில் அழுத்திப் பதித்த எண் ஒன்று இருக்கும், இதில் இல்லை. அடி விளிம்பில் தெரியும் மின்பலகையில் நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருக்கும், இதில் இல்லை. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சிறு மின்கலம் இருக்கும், அதுவும் இல்லை. "தம்பி, இது போலி" என்றார்.

பையன் கேட்டான்: "விளையாட்டு ஓடுகிறதே அண்ணா, பிறகு எப்படிப் போலி?" அந்தக் கேள்விக்கு ஒரு வாரத்தில் கேசட்டே விடை சொல்லிவிட்டது. அவன் நாள்தோறும் ஆடிச் சேமித்து வைத்திருந்ததெல்லாம் ஒரு காலையில் அழிந்து போயிருந்தது. ஆனால் அவன் கேட்ட இரண்டாவது கேள்விக்கு எங்களுக்கு உடனே விடை தெரியவில்லை. "அப்பா, அந்தக் கம்பெனியே மறுபடியும் இதை அச்சடித்து விற்றால், அது அசலா, போலியா?" அவனுக்கு விடை சொல்வதற்காகத் தேடிப் படித்தவற்றையே இங்கு உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில், ஒரு விளையாட்டு ஏன் அரிதாகிறது என்பதைக் காண்போம். புத்தகத்தை எந்த வெளிச்சத்திலும் படிக்கலாம். விளையாட்டுத் தகடோ, தனக்கென்று அமைந்த கருவியில் மட்டுமே ஓடும். சில ஆண்டுகளில் புதிய கருவி வருகிறது. பழைய கருவிக்குரிய தகடுகளை அச்சிடுவது நின்று போகிறது. கடைக்காரர் எத்தனை பிரதி கேட்டாரோ அத்தனையே அச்சிடுவது வழக்கமாதலால், முதலில் குறைவாக விற்கும் என்று கருதப்பட்ட விளையாட்டே பின்னாளில் கிடைத்தற்கு அரியதாகிறது. அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வரலாற்றைப் பேணும் அமைப்பொன்று 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று எந்தக் கடையிலும் புதிதாக விற்பனைக்கு இல்லை என்று அது கண்டது. அவற்றை ஆட விரும்புவோர் பழம்பொருள் வணிகரைத் தேடிப் போக வேண்டும். அல்லது போலியை நாட வேண்டும். மறுபதிப்பு வேண்டும் என்ற குரல் ஏன் எழுகிறது என்பது இதனால் விளங்கும்.

இனி ஒரு மறுபதிப்பின் கதையைக் கேளுங்கள். 'ஜெனோபிளேட் கிரானிக்கிள்ஸ்' என்னும் நெடுங்கதை விளையாட்டு, நிண்டெண்டோவின் வீ கருவிக்காக 2010-இல் ஜப்பானில் வெளிவந்தது. அமெரிக்காவில் அதை வெளியிடும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆடுவோர் 2011-இல் ஒன்று கூடி, கடிதம் எழுதியும் முன்பணம் கட்டியும் இயக்கம் நடத்தினார்கள். 2012 ஏப்ரலில் விளையாட்டு அமெரிக்காவுக்கு வந்தது. ஆயினும் கேம்ஸ்டாப் என்னும் ஒரு கடை நிறுவனத்திலும், நிண்டெண்டோவின் சொந்த விற்பனை மனையிலும் மட்டுமே கிடைத்தது. விலை 50 டாலர். சிறிது காலத்தில் சரக்குத் தீர்ந்தது. கைமாறும் விலை ஏறிக்கொண்டே போயிற்று.

2013-இல் அதே கடையில் அவ்விளையாட்டு மீண்டும் தோன்றியது. ஒன்றிரண்டல்ல, நிறையவே தோன்றியது. 'பயன்படுத்தப்பட்ட பிரதி' என்னும் பெயரில், விலை 90 டாலர். வாங்கியவர்களில் பலர் தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை என்று கண்டு, இவை பழைய பிரதிகளா, புதிதாய் அச்சிட்டவையா என்று ஐயுற்றார்கள். சேகரிப்போர் உலகில் பெரும் வாதம் எழுந்தது.

அந்த வாதத்தில் இரு கட்சிகள் இருந்தன. "நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய எங்கள் பிரதியின் மதிப்பு என்ன ஆவது?" என்றது ஒரு கட்சி. "விளையாட்டு ஆடுவதற்கே உண்டாயிற்று, அலமாரியில் வைத்து விலை ஏற்றுவதற்கன்று, இன்னும் பத்தாயிரம் அச்சிடட்டும்" என்றது மறு கட்சி. உற்று நோக்கினால் இவ்விரு கட்சியாரும் ஒரு செய்தியில் ஒன்றுபட்டு நின்றார்கள். அச்சிட்டிருந்தால், அச்சிட்டோம் என்று சொல்லட்டும். புதியதாயின் புதியதன் விலையைக் கேட்கட்டும் என்பதே அது. அவர்களைப் புண்படுத்தியது மறுபதிப்பு அன்று. இது எங்கிருந்து வந்தது என்று தெளியக் கூறாத மௌனமே.

அதே விளையாட்டு 2015-இல் வேறொரு கைக்கருவிக்காகவும், 2020-இல் ஸ்விட்ச் கருவிக்காகப் புதிய ஓவியப் பொலிவுடனும் மீண்டும் வந்தது. புதிய பெயர், புதிய அட்டை, புதிய ஆண்டு. ஆட விரும்பியோர் வாங்கி ஆடினார்கள். 2012-இன் தகட்டை வைத்திருப்போர் அதைப் பெருமையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனை யாரும் வஞ்சனை என்று சொல்லவில்லை.

அன்பர்களே! வீடியோ விளையாட்டு நம்மில் பெரியோர்க்கு அயலாகத் தோன்றலாம். ஆகவே நம்மில் பலர் இளமையில் சேகரித்த அஞ்சல் தலையைக் கொண்டு இதையே காட்டுகிறோம்.

ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலாளராக இருந்த டாக் ஹாமர்ஷோல்டு, 1961 செப்டம்பரில் ஆப்பிரிக்காவில் விமான விபத்தில் உயிர் நீத்தார். அவர் நினைவாக அமெரிக்க அஞ்சல் துறை 1962 அக்டோபரில் 4 சென்ட் தலை ஒன்றை வெளியிட்டது. அத்தலையில் மஞ்சள் நிறப் பின்புலம் சில தாள்களில் தலைகீழாக அச்சாகிவிட்டது. நியூ ஜெர்சியில் ஒரு சேகரிப்பாளர், தாம் வாங்கிய 50 தலைகள் கொண்ட தாள் அத்தகைய பிழைத்தாள் என்று கண்டார். அது பெருஞ்செல்வம் தரும் என்று செய்தித்தாள்கள் எழுதின.

அப்போது அஞ்சல் துறைத் தலைவர் என்ன செய்தார்? ஒருவருடைய நல்லூழால் அரசின் பிழை பணமாகக் கூடாது என்று கருதி, அதே பிழையை வேண்டுமென்றே மீண்டும் அச்சிடக் கட்டளையிட்டார். ஏறத்தாழ 4 கோடித் தலைகள் தலைகீழ் மஞ்சளோடு அச்சாகி நாடெங்கும் விற்பனைக்கு வந்தன. சேகரிப்பாளர் நீதிமன்றத்துக்கு ஓடினார். தடையாணை கிடைப்பதற்குள் புதிய தலைகள் மக்கள் கைக்குப் போய்விட்டன. இன்று அத்தலை ஒரு டாலருக்கும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

அஞ்சல் துறைத் தலைவர் சட்டத்தை மீறினாரா என்பதை வழக்கறிஞர்கள் சொல்லட்டும். அந்த மறுபதிப்பில் புதியது என்று காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. வேண்டுமென்றே இல்லாதபடி செய்தார்கள். முதற் பிழையும் பின்வந்த பிழையும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிய வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். எல்லோருக்கும் கொடுப்பதற்காக அச்சிட்டார்கள் என்பதைவிட, ஒருவரிடமிருந்து எடுப்பதற்காக அச்சிட்டார்கள் என்பதே பொருந்தும்.

இதற்கு மாறான ஒன்றும் அதே நாட்டில் நடந்தது. 1918-இல் வெளிவந்த 24 சென்ட் விமான அஞ்சல் தலையில் விமானம் தலைகீழாக அச்சானது. அப்படி வெளியே வந்தவை 100 தலைகளே. அவற்றுள் ஒன்று 2023-இல் 20 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. 2013-இல் அஞ்சல் துறை அந்தத் தலைகீழ் விமானத்தை மறுபடியும் அச்சிட்டது. ஆனால் விலையை 24 சென்ட் என்று போடாமல் 2 டாலர் என்று போட்டது. பள்ளிச் சிறுவனும் தன் ஏட்டில் ஒட்டிக்கொள்ளலாம். பழைய நூறுக்கும் பழுதில்லை. ஓர் எண்ணை மாற்றியதால் இரு சாராரும் நிறைவு பெற்றனர்.

ஆயினும் அங்கும் ஒரு வணிகத் தந்திரம் புகுந்தது. 22 லட்சம் தாள்களுக்கு இடையே, விமானம் நேராகப் பறக்கும் 100 தாள்களை மறைத்து வைத்தார்கள். உறையைப் பிரித்தாலன்றித் தெரியாது. முன்பு பிழை தானே நேர்ந்து அரிதாயிற்று; இப்போது அருமையையே உற்பத்தி செய்து விற்றார்கள்.

விளையாட்டுக் கடைகளிலும் இதே போக்கைக் காண்கிறோம். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' நிண்டெண்டோவின் பழைய சூப்பர் கருவிக்கு 1992-இல் வந்த கேசட். அமெரிக்காவில் ஐ-ஆம்-8-பிட் என்னும் விற்பனையாளர், உரிமையாளரான கேப்காம் நிறுவனத்தின் இசைவோடு அதை 2017-இல் மறுபதிப்புச் செய்தார். மொத்தம் 5,500 பிரதிகள்; விலை 100 டாலர். பழைய கேசட் சாம்பல் நிறம். புதியவற்றில் 4,500 சிவப்பு. 1,000 இருளில் ஒளிரும் பச்சை. எந்த நிறம் தமக்கு வரும் என்று வாங்குவோர்க்குத் தெரியாது. அதைவிட வியப்பு ஒன்று உண்டு. பழைய கருவியில் செருகினால் சூடேறித் தீப்பற்றக்கூடும் என்று விற்றவரே எச்சரிக்கையும் வெளியிட்டார்! நிறத்தால் அது நேர்மையான மறுபதிப்பு. பழையது என்று யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் ஆடுவதற்கே அஞ்ச வேண்டிய விளையாட்டை, 5,500 பேர்க்கு மட்டும் விற்பதனால், பழையது கிடைக்காமல் வருந்திய பையனுக்கு என்ன பயன்? ஓர் அருமையை நீக்க வந்த மறுபதிப்பு மற்றோர் அருமையை உண்டாக்கிவிட்டுப் போயிற்று.

இதைத் திருத்திக்கொண்ட கடைகளும் உண்டு. 2015-இல் தொடங்கிய லிமிடெட் ரன் கேம்ஸ் என்னும் நிறுவனம், முதலில் இத்தனை பிரதிதான் என்று எண்ணி அச்சிட்டது. சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. வாங்கியோரில் சிலர் மறுநாளே இருமடங்கு விலை கூறினார்கள். பின்னர் அந்நிறுவனம் பல விளையாட்டுகளுக்குச் சில வாரங்கள் முன்பதிவைத் திறந்து வைத்து, கேட்டவர் எத்தனை பேரோ அத்தனை பிரதிகளை அச்சிடும் முறைக்கு மாறியது. பொருள் கைக்கு வரப் பல மாதம் ஆகிறது என்ற குறை உண்டு. ஆனால் வேண்டியவருக்குக் கிடைக்கிறது.

சேகரிப்போரின் கவலையை நாம் எள்ளி நகையாடக் கூடாது. 'மேஜிக்' என்னும் சீட்டு விளையாட்டை வெளியிட்டவர்கள் 1995-இல் பழைய அரிய சீட்டுகள் பலவற்றை மறுபதிப்புச் செய்தனர். ஓரத்தை வெள்ளையாக்கி வேறுபடுத்தியே அச்சிட்டனர். ஆயினும் பழைய சீட்டுகளின் விலை வீழ்ந்தது, சேகரிப்போர் கொதித்தெழுந்தனர். 1996-இல் அந்நிறுவனம் சில சீட்டுகளின் பட்டியலை வெளியிட்டு, இவற்றை இனி அச்சிடமாட்டோம் என்று உறுதி கூறியது. இதில் நாம் கொள்ள வேண்டியது யாது? அச்சிட மாட்டேன் என்று சொல்லாதவன் அச்சிட்டால் அது குற்றமன்று. விலை ஏறும் என்று நம்பி வாங்கியவன் தன் கணக்கைத் தானே போட்டவன். ஆனால் அச்சிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தபின் அச்சிட்டால், அது வாக்குத் தவறுதல். விளையாட்டுச் சீட்டானாலும் வாக்கு வாக்கே.

ரயில்வே அலுவலகத்தில் எழுதுபவர்களாகிய எங்களுக்கு இவ்வழக்கு புதிதன்று. கணினி வருவதற்கு முன் நாம் கண்ட சிறு அட்டை டிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் அட்டையிலும் வரிசை எண் அச்சாகியிருக்கும். சாளரத்தில் கொடுக்கும்போது தேதிப் பொறியில் அழுத்திக் கொடுப்பார்கள். எண்ணும் தேதியும் இருந்தமையால்தான் ஆயிரம் அட்டைகள் ஒன்றுபோல் இருந்தும் எது எது என்று கணக்குத் தீர்க்க முடிந்தது. கோப்பிலும் அப்படியே. மூலக் கடிதம் ஒன்று. படி எடுப்பது பத்து. படியின் தலையில் 'நகல்' என்று எழுதிக் கையொப்பமிட்டால் அது எந்த மேசைக்கும் செல்லும். அதைக் கொண்டு வேலை நடக்கும். அந்த ஒரு சொல்லை எழுதாமல் நீட்டினால் அதுவே குற்றமாகிறது. எழுத்து ஒன்றே, தாளும் ஒன்றே. நகல் என்ற சொல்லே நேர்மைக்கும் வஞ்சனைக்கும் நடுவே நிற்கிறது.

ஆகவே பையனின் கேள்விக்கு இவ்வாறு விடை சொன்னோம். உரிமை உடையவர், இது மறுபதிப்பு என்றும், இந்த ஆண்டில் அச்சிட்டது என்றும் வெளிப்படையாகக் குறித்து, தகுந்த விலைக்கு விற்றால், அது அசலின் தம்பி. அண்ணன் என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்தால் அது பொய். உரிமையும் இல்லாமல் அடையாளமும் இல்லாமல் வந்தால் அது நாம் வாங்கி ஏமாந்த கேசட்.

இங்குள்ள பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகள் பழைய விளையாட்டுக் கேட்டால் முதலில், அதே விளையாட்டு இன்றைய கருவிக்கு மறுபதிப்பாக வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். வந்திருந்தால் அதுவே போதும். கதையும் ஆட்டமும் அதிலும் இருக்கின்றன. பழையதே வேண்டுமென்றால், மேல்சீட்டு, அடி விளிம்பு, பின்புறம் இவற்றின் படங்களைக் கேட்டுப் பெற்ற பின்னரே பணம் கொடுங்கள். மிக மலிவாகவும் மிகப் புதிதாகவும் இருக்கும் பழம்பொருளை நம்பாதீர்கள். நம் காலனியில் நாலு வீட்டில் நாலு விளையாட்டு இருக்குமானால், ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்து ஆடலாம். சங்க நூலகத்துப் புத்தகத்தை நாம் அப்படித்தானே படிக்கிறோம்?

இறுதியாக ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தக் கேசட் போலி என்று தெரிந்ததும், விற்றவருக்கு எழுதினோம், பதில் இல்லை. 2,800 ரூபாய் எங்கள் வீட்டுக்குச் சிறு தொகையன்று. "ஓடத்தானே செய்கிறது, நாமும் இணையத்தில் போட்டு வேறு யாருக்காவது விற்றுவிடலாம்" என்று முதலில் சொன்னவர்கள் பெற்றோராகிய நாங்களே. பையன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை பார்த்தபோது, கேசட்டின் பின்புறத்தில் அழியாத மையால் தமிழில் 'போலி' என்று எழுதி வைத்திருந்தான். "இனி விற்க முடியாதே" என்று அவன் அம்மா கேட்டாள். "அதற்குத்தான் எழுதினேன்" என்றான்.

இந்த ஊரில் பிறந்து, வெளியில் இந்தியும் மராத்தியும் பேசி வளரும் பிள்ளை அவன். அவனுக்குத் தமிழ் எழுத வருமோ வராதோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். இரண்டே எழுத்துத்தான் எழுதினான், பிழையில்லாமல் எழுதியிருந்தான்.